உனக்கு எவ்வளவு போடுறான்?

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பார்த்தால் நம்மைப் போலத்தான் இருப்பார்கள். சாப்பிடுவார்கள், வரி கட்டுவார்கள், மழை வந்தால் கொடியில் காயும் துணியை எடுத்து உள்ளே போடுவார்கள். ஆனால் இன்டர்நெட் என்ற சொல் காதில் விழுந்ததுமே கழுத்து ஒரு பக்கம் சாயும், கண் சுருங்கும், குரல் தணியும். "உனக்கு எவ்வளவு போடுறான்?" என்று கேட்பார்கள். டேட்டா ஒப்பீட்டாளர்கள் என்று இவர்களுக்குப் பெயர் வைக்கலாம். எந்தக் கம்பெனி ஒரு ஜிபிக்கு எவ்வளவு வாங்குகிறது, அளவை மீறினால் எவன் தீட்டிவிடுகிறான், 'வரம்பில்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு எவன் அடியில் பொடி எழுத்தில் வரம்பு வைத்திருக்கிறான் என்பதெல்லாம் பெற்ற பிள்ளையின் பிறந்தநாளைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் என்ன பதில் சொன்னாலும் தப்பிக்க முடியாது. அவர்கள் கட்டுவதைவிடக் கூடுதலாகச் சொன்னால் இரக்கப்படுவார்கள். குறைவாகச் சொன்னால் சந்தேகப்படுவார்கள். அவர்கள் கட்டும் அதே தொகையைச் சொன்னீர்களோ, பேச்சே முடிந்தது. உங்களால் அவர்களுக்கு இனி என்ன பயன்?

க்ரயோவா நகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காம் தளத்தில் குடியிருக்கும் ஹோரியா இந்த இனத்தில் அசல் சரக்கு. மூன்று கம்பெனிகளின் கம்பிகள் அந்தக் கட்டடத்துக்குள் வருகின்றன. மூன்றிலும் அவர் வாடிக்கையாளராக இருந்து, கோபித்துக்கொண்டு வெளியேறி, சலுகை அறிவித்ததும் திரும்பிப் போயிருக்கிறார். வீடு வீடாக ஏறி இறங்கும் விற்பனையாளர்கள் அவர் வீட்டுக் கதவை மட்டும் தட்டுவதில்லை. தெரியாத்தனமாகத் தட்டிய ஒருவர் காபி குடித்துவிட்டு வெளியே வரும்போது, தன் கம்பெனி செய்வது பகல் கொள்ளைதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு வந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் இறந்த நாற்பதாம் நாள் விருந்து. தட்டில் முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறி ஆறிக்கொண்டிருக்கிறது. ஹோரியா பாதிரியாரின் பக்கம் மெல்ல நகர்ந்தார்.

"ஃபாதர், சர்ச்சுக்கு நெட் எவ்வளவு போடுறான்?"

பாதிரியார் சொன்னார்.

"உங்களை ஏமாத்துறானுங்க ஃபாதர்," என்றார் ஹோரியா. இறந்தவரைப் பற்றிப் பேசியபோதுகூட அவர் முகத்தில் இவ்வளவு துக்கம் இருந்ததில்லை. அடுத்த வாரமே சர்ச் கம்பெனி மாறிவிட்டது. இந்த நோய் தொற்றக்கூடியது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வீட்டோடு இருந்தவரை யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஹோரியாவின் கையில் ஒரு இணையதளமும் இருந்தது. அது தேனீ வளர்ப்பவர்கள் சங்கத்தின் தளம். அவருடைய மனைவி லவீனியாவின் அண்ணன் கிரிகோரே அந்தச் சங்கத்தில் மூத்த ஆள். "நம்ம மாப்ளக்கி கம்ப்யூட்டர் அத்துப்படி" என்று பொறுப்பை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

கிரிகோரேவின் பிழைப்பு பூவை நம்பிய பிழைப்பு. மே மாதத்தில் டான்யூப் கரையோரத்து மணல்காட்டில் அகேசியா மரம் முதலில் பூக்கும். பூ பத்து நாள் நின்றால் அதிகம். மழையோ காற்றோ வந்தால் அதுவும் இல்லை. அந்தப் பத்து நாளில் எடுக்கிற வெள்ளைத் தேன்தான் குடும்பத்துக்கு வருஷச் சோறு. கூடுகளோடு முந்திப் போனால் தேனீக்களுக்குத் தீனி இல்லை, பிந்திப் போனால் காட்டில் இடம் இல்லை. ஆகவே சங்கத்தார் அந்தக் காட்டில் ஒரு கூட்டைத் தராசின் மேல் வைத்து, கேமரா மாட்டி, எடையையும் படத்தையும் தளத்தில் தெரியும்படி செய்திருந்தார்கள். எடை ஏறினால் தேன் சுரக்கிறது என்று அர்த்தம். பொழுது சாய்ந்து தேனீக்கள் அடங்கியதும் கூடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான்.

எல்லோரும் எடையைப் பார்த்தார்கள். ஹோரியா ஒருவர்தான் அந்தப் படங்கள் எவ்வளவு டேட்டா தின்கின்றன என்று பார்த்தார்.

தளம் குடியிருந்த சர்வருக்கு மாத வாடகை. அதில் இவ்வளவு ஜிபி போய் வரலாம், மீறினால் தண்டம். ஹோரியா புக்கரெஸ்ட் கம்பெனியை ஜெர்மன் கம்பெனியோடு ஒப்பிட்டார், ஜெர்மன் கம்பெனியைப் பின்லாந்துக் கம்பெனியோடு ஒப்பிட்டார், மூன்றையும் பல்கேரியாவில் புதிதாக முளைத்த ஒன்றோடு ஒப்பிட்டார். மூன்று ஆண்டுகளில் சங்கத்தின் தளம் ஐந்து வீடு மாறியது. கிரிகோரே பூவைத் தேடிக் கூட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஹோரியா சலுகையைத் தேடித் தளத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். இரண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். கிரிகோரே திரும்பி வரும்போது தேன் இருக்கும்.

அந்த ஆண்டு ஈஸ்டர் விருந்தில் அந்த ஊர் வழக்கப்படி சாயமிட்ட சிவப்பு முட்டையை முட்டையோடு மோதி உடைத்துக்கொண்டிருந்தபோது ஹோரியா அறிவித்தார்.

"மச்சான், ஒரு அருமையான இடம் கிடைச்சிருக்கு. இப்ப கட்டுறதைவிட மாசம் ஆறு லெய் கம்மி."

"பூ முடியட்டும் மாப்ள. அப்புறம் மாத்து."

"பூ சமயத்துலதானே எல்லாரும் பார்க்குறீங்க? அளவு மீறிடும். தண்டம் போடுவான். அதுக்கு முன்னாடியே மாத்தணும். யோசிச்சுப் பாருங்க."

கிரிகோரே யோசித்துப் பார்த்தார். சரியாகத்தான் பட்டது. இந்த இனத்தின் வாதங்கள் எப்போதுமே சரியாகத்தான் படும், அதுதான் ஆபத்து.

அகேசியா மொட்டு விட்ட வாரம் ஹோரியா தளத்தைப் புது சர்வருக்கு மாற்றினார். நேர்த்தியான வேலை, ஒரு படம்கூட விடுபடவில்லை. "நாம் புது இடத்துக்கு வந்துவிட்டோம்" என்று அறிவிப்புகூட எழுதிப் போட்டார். எங்கே போட்டார்? புது இடத்தில்.

ஒரு தளம் வீடு மாறினால் அந்தச் சேதி எல்லோருடைய போனுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. சில கம்பெனிகள் உடனே புது வீட்டைக் காட்டும். சில கம்பெனிகள் இரண்டு நாளுக்குப் பழைய வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தும். கிரிகோரேவின் கம்பெனி இரண்டாவது வகை. ஊரிலேயே மலிவானது என்று அவரை அதில் சேர்த்துவிட்டவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

பழைய வீடு பூட்டிக் கிடந்திருந்தால்கூடப் பிழைத்திருக்கலாம். தளம் திறக்கவில்லையே என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பார். ஆனால் பழைய வீடு திறந்தே இருந்தது, விளக்கு எரிந்தது, தராசு தெரிந்தது. அதில் எடை அசையவில்லை. எப்படி அசையும்? காட்டிலிருந்து வரும் கணக்கு புது சர்வருக்கல்லவா போய்க்கொண்டிருந்தது!

லாரிக்கு டீசல் போட்டாயிற்று, கயிறு எடுத்து வைத்தாயிற்று. கிரிகோரே முற்றத்தில் உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எடை ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரேயடியாகப் பல கிலோ ஏறிக் காட்டியது. அன்று மாலையே கூடுகளை ஏற்றிக்கொண்டு ஓடினார். காடு முழுக்க அடுத்தவர் கூடுகள். ஓரமாக ஒரு பள்ளத்தில் இடம் பிடித்து இறக்கி வைத்தார். விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அது விட்டபோது பூவெல்லாம் தரையில் கிடந்தது.

ஜூனில் கிரிகோரே தங்கை வீட்டுக்கு வந்தார். வழக்கமாக ஒரு வாளித் தேனோடு வருகிறவர் இந்த முறை ஒரு பை செர்ரிப் பழத்தோடு வந்தார். லவீனியா எதுவும் கேட்காமல் தேநீரில் தேனுக்குப் பதில் சர்க்கரை போட்டுக் கலக்கினாள். ஹோரியாவுக்கு அந்தக் கரண்டிச் சத்தம் தாங்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டார்.

கிரிகோரே பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"புதுசுக்கு மாறிட்டல்ல. அப்ப பழசை ஏன் நிறுத்தல?"

"மாசக் கடைசி வரைக்கும் காசு கட்டியிருந்தேன் மச்சான். அது பாட்டுக்கு ஓடட்டும், கட்டுன காசு வீணாப் போகக் கூடாதேன்னு…"

தான் இத்தனை ஆண்டுகள் போட்ட கணக்கில் எங்கேயும் எதிரே உட்கார்ந்திருந்த இந்த மனிதர் இல்லவே இல்லை என்பது ஹோரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது. நிஜமாகவே அவமானமாக இருந்தது.

"ஒரு ஜாடி அறுபது லெய்க்குப் போயிருக்கும் மாப்ள," என்றார் கிரிகோரே. குரலில் கோபம்கூட இல்லை. "ஒரு லாரி நிறைய ஜாடி."

ஹோரியாவின் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. கண் சுருங்கியது.

"அறுபதா? எங்க ஆபீஸ்ல ஒருத்தர் ஐம்பதுக்கே தர்றாரே மச்சான்…"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். லவீனியா அவர் முன்னால் இருந்த செர்ரித் தட்டைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனாள்.

"விடுங்கண்ணே," என்றாள் அடுப்படியிலிருந்து. "அவர் வாய்ல அப்படித்தான் வரும்."

இப்போது தேனீக்காரர்கள் காட்டுக் காவலரையே போனில் கூப்பிட்டுப் பூ எப்படி என்று கேட்டுக்கொள்கிறார்கள். தளத்தின் பக்கம் ஆள் வருவதில்லை. ஆள் வராததால் டேட்டாவும் போவதில்லை. ஹோரியா அதை இன்னும் சின்ன சர்வருக்கு மாற்றிவிட்டார். உலகத்திலேயே மலிவாக ஓடும் தளம் அதுதான் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னபோது கிரிகோரே எழுந்து வெளியே போய் சிகரெட் பற்ற வைத்தார்.

சிரித்தீர்கள், சந்தோஷம். நீங்கள் அந்த இனம் இல்லவே இல்லை என்கிறீர்கள், அதையும் நம்புகிறேன். ஆனால் மாதம் ஆறு லெய் குறைத்துத் தந்த அந்தக் கம்பெனியின் பெயரைக் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே என்று உங்களுக்கு ஒரு சின்னக் குறை இருந்தால், தயவுசெய்து தேனீ வளர்க்கும் உறவினர் யாரோடும் இந்த மாதம் பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள்.