எந்தப் பதர்?

எனக்கு ஒரு பொருள் பிடித்துவிட்டால் முதலில் அதைத் திட்டுவேன். தொழில் அப்படி. நான் நெல் வியாபாரி. களத்தில் ஒரு பிடி நெல்லை அள்ளி, ஊதிப் பார்த்து, “எல்லாம் பதரா இருக்கேங்க” என்று முகம் சுளித்தால்தான் விலை இறங்கும். விற்கிறவரும் சளைக்காமல் பதிலுக்குத் திட்டுவார். அப்புறம் இரண்டு பேரும் டீ குடிப்போம். (உலகமே இப்படித்தான் நடக்கிறது என்று நாற்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்த அறிவாளி நான்.)

அந்த அறிவை மூட்டை கட்டிக்கொண்டுதான் தரங்கம்பாடிக்குப் பழைய பைக் பார்க்கப் போனேன். இரட்டை சைலன்சர் வைத்த டூ-ஸ்ட்ரோக். கல்லூரியில் படித்தபோது அந்த மாதிரி வண்டி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளத்தான் எனக்கு வக்கு இருந்தது. விற்பவர் ஓய்வுபெற்ற ட்ராயிங் வாத்தியார். துணைக்கு என் மனைவியின் தம்பி செல்வம். வண்டியைப் புகழ்ந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று காரிலேயே அவனை மிரட்டி வைத்திருந்தேன்.

வாத்தியார் போர்வையை விலக்கினார். டேங்கில் கம்பெனி பெயின்ட் அப்படியே மின்னியது. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. உடனே முகத்தைச் சுளித்தேன்.

யூடியூப் பார்த்து, கையோடு ஒரு காந்தம் கொண்டு போயிருந்தேன். பட்டி பூசி ஒடுக்கை மறைத்திருந்தால் அந்த இடத்தில் ஒட்டாதாம். எங்கே வைத்தாலும் டக் டக்கென்று ஒட்டியது.

“என்ன சார், மொத்தமும் பட்டி வேலையா இருக்கு?”

“பட்டியா? நான் வாங்கினதுலேருந்து கைகூட வைக்கலையே தம்பி.”

“இஞ்சின் நம்பரைப் பாருங்க, அடிச்சு மாத்தின மாதிரி இருக்கு. ஃபோர்க் வளைஞ்சிருக்கு. இதெல்லாம் ஒரு பிரேக்கா? ஆளைக் கொன்னுடும் சார். சுத்தப் பதர்.”

(நம்பர் ஆர்.சி. புக்கில் உள்ளபடியே இருந்தது. ஃபோர்க் என்பது எது என்றே எனக்குத் தெரியாது.)

வாத்தியார் விலையைக் குறைத்தார். அத்தோடு நிறுத்துகிறவன் மனிதன். நான் சங்கிலி, சீட், ஹாரன் என்று ஒவ்வொன்றாகத் திட்டினேன். அவர் மறுபடி குறைத்தார். பதிலுக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. முகம் மட்டும் வாடிக்கொண்டே போனது. கடைசியில் போர்வையை எடுத்து வண்டியை மூடிவிட்டார்.

“உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா தம்பி?”

“ரெண்டு பேர் சார்.”

“அப்ப வேண்டாம். இவ்வளவு ஆபத்துன்னு தெரியாமலே ஓட்டியிருக்கேன். இதை உங்க தலையில கட்டினா ஆண்டவர் என்னை மன்னிக்க மாட்டார்.”

எனக்கு வியர்த்துவிட்டது. “ஐயோ சார், விலைக்காகச் சும்மா சொன்னேன்! தங்கமான வண்டி சார்!”

“என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. நல்ல மனுஷன் நீங்க” என்று தோளில் தட்டிக் கொடுத்தார். அழுகையே வந்துவிட்டது எனக்கு.

அப்போது செல்வம் வாயைத் திறந்தான். “சார், எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல.”

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். “மெதுவா ஓட்டுவீங்களா?”

நான் தொண்டை வறளத் திட்டிக் குறைத்த விலைக்கு வண்டி அவனுக்குப் போனது. பொறையாறு தாண்டுவதற்குள் நின்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே காரில் பின்தொடர்ந்தேன். பாபநாசத்தில் எங்கள் வீட்டு வாசல்வரை நிற்கவில்லை. அதன் புகை முழுவதும் எனக்குத்தான்.

இப்போது செல்வத்துக்கும் கல்யாணமாகி ஒரு பிள்ளை இருக்கிறது. ஒரு ரவுண்டு ஓட்டக் கேட்டால், “வேண்டாம் மாமா, ஆளைக் கொன்னுடும்” என்கிறான். வீட்டில் அந்த வண்டிக்குப் பதர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வாசலில் பதர் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று யாராவது சொன்னால் போதும், அடுப்படியிலிருந்து என் மனைவி தவறாமல் கேட்பாள்:

“எந்தப் பதர்?”