மூன்று பூச்சும் ஒரு கையெழுத்தும்

ஒரு காகிதத்தின் மீது இத்தனை அக்கறை காட்டிய அலுவலகம் உலக நிர்வாக வரலாற்றிலேயே வேறொன்று இல்லை. செம்மேட்டில் சான்றிதழ் வழங்குவதற்கென்று அமர்த்தப்பட்டிருந்த அதிகாரி நவநீதகிருஷ்ணன், ஆறடிக் காகிதத்தில் தம் கையாலேயே மருந்து பூசி, வெயிலில் வைத்து, நீல நிறப் புகைப்படம் அச்சிடும் "உன்னதக் கலை"யை இணையத்தில் பயின்றிருந்தார். படத்தில் இருப்பவர்: கோட்டு அணிந்த நவநீதகிருஷ்ணன். தலைப்பு: "மக்கள் பணியில்".

பூசிய காகிதத்தில் வெளிச்சம் படலாகாது. ஆகவே அலுவலகக் கதவு மூன்று வாரமாகச் சாத்தியிருந்தது. பொதுநலன் கருதிச் சன்னல்களும்.

புதன்கிழமை, பைல் நாடு என்னும் மலைப்பகுதியில் மிளகு பயிரிடும் கண்ணாயி நான்காம் முறையாகக் கதவைத் தட்டினாள். மகள் தேன்மொழிக்கு நாமக்கல்லில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. இருப்பிடச் சான்று வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும்.

"கதவத் தொறக்காதீங்க. மூணாவது பூச்சு ஈரமா இருக்கு," என்றது உள்ளிருந்து அதிகாரியின் குரல்.

"ஒரே ஒரு கையெழுத்துங்க சார்."

"கையெல்லாம் மருந்தும்மா. அரசாங்கக் காகிதத்துல கறை படலாமா?"

அந்த நேர்மையில் உதவியாளர் ஆரோக்கியமேரி நெகிழ்ந்துபோனார். "பிரஷ்ஷ நடுவுல நிறுத்தினா கோடு விழுந்துடும்மா," என்று கதவுக்குப் பின்னாலிருந்து விளக்கினார்.

"எங்கூட்டுச் சுவத்துக்கு நானுந்தானுங்க சுண்ணாம்பு அடிக்கறேன். ஆராச்சும் கூப்பிட்டா எறங்கி வந்து என்னன்னு கேப்பேனுங்க."

வியாழக்கிழமை மூடுபனி விலகி வெயில் வந்தது. முற்றத்து மேசையில் காகிதத்தை விரித்து, அதன் மேல் படத்தின் நெகட்டிவை வைத்துக் கண்ணாடியால் மூடினார்கள். வெயில் பட்ட இடம் நீலமாகும்; மறைந்த இடம் வெள்ளையாகவே நிற்கும். நவநீதகிருஷ்ணன் அண்ணாந்து மேகங்களை மேற்பார்வையிடலானார்.

"மனுவ எங்கீங்க வெக்கட்டும்?" என்றாள் கண்ணாயி.

"மேசை மேல வெச்சுட்டுப் போம்மா," என்றார், திரும்பாமலே.

வைத்தாள். காற்றில் பறக்காதிருக்க நான்கு மூலையிலும் கூழாங்கல். தேன்மொழி தடித்த கறுப்பு மையில் எழுதிய மனு, கண்ணாடி மேல் ஒரு மணி நேரம் வெயில் காய்ந்தது. அதிகாரி அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. மனு இருக்கும் மேசையைப் பாராதிருப்பதில் அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுப் பயிற்சி உண்டு. அவர் மறுநாள் நடக்கவிருந்த படத் திறப்பு விழாவுக்கு உரை எழுதப் போய்விட, ஆரோக்கியமேரிதான் மனுவை எடுத்து வைத்துவிட்டு, படத்தை நீரில் அலசிக் கயிற்றில் மாட்டித் துணியால் மூடினார். நடுவே ஏதோ தெரிந்தது. கலையைக் கேள்வி கேட்பது பணி விதிகளுக்கு முரண் என்று சும்மா இருந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, விழாவுக்குக் கூடிய கூட்டத்தின் முன் மேலதிகாரி மைதிலி வந்து துணியை விலக்கினார். கோட்டின் நெஞ்சில் வெளிறிய ஒரு கட்டம். அதில் வெள்ளை எழுத்துகள்: "ஐயா, என் மகள் தேன்மொழி பைல் நாட்டில் குடியிருப்பவள் எனச் சான்றளிக்க வேண்டுகிறேன். கண்ணாயி."

"மக்களோட மனுவ நெஞ்சுல சுமக்கற அதிகாரி. என்ன கற்பனை, நவநீதகிருஷ்ணன்."

நவநீதகிருஷ்ணன் அப்போதுதான் அதைப் பார்த்தார். ஆயினும் பாராட்டைத் திருப்பி அனுப்பும் பழக்கம் அவரிடம் இல்லை. "மூணு வாரச் சிந்தனைங்க மேடம்," என்றார்.

"கலைஞர் கையெழுத்துப் போடணுமே."

கறை படிந்த அதே கையால் படத்தின் அடியில் நீளமாகக் கையெழுத்திட்டார். தேதியும் போட்டார்.

கூட்டத்திலிருந்து கண்ணாயி முன்னே வந்தாள். "மனு என்னுதுங்க. கையெழுத்து சாருதுங்க. தேதியும் இன்னிக்குத்தானுங்க. முத்திரை குத்திட்டீங்கன்னா சுருட்டிட்டுப் போயிருவேனுங்க. பதினோரு மணிக்கு பஸ்ஸு."

மைதிலி படத்தைப் பார்த்தார், பிறகு அதிகாரியை. "கையெழுத்து உங்களோடதுதானே?"

மறுத்தால் கலை போய்விடும். "என்னோடதுதாங்க மேடம்," என்றார்.

ஆரோக்கியமேரி முத்திரையுடன் வந்து நின்றார்.

பஸ்ஸில் கண்டக்டர், "இதென்னம்மா, லக்கேஜா?" என்றார்.

"சர்ட்டிபிகேட்டுங்க," என்றாள் கண்ணாயி.

ஆகவே, அந்த அலுவலகத்தில் காகிதம் நகர்வதில்லை என்பது வெறும் அவதூறு. ஆறடி வளர்ந்து, மூன்று பூச்சு பெற்று, அதிகாரியின் திருமுகத்தையும் சுமந்து வரும் எந்த மனுவும் அங்கே ஒரே நிமிடத்தில் நகர்ந்துவிடும்.