ஒன்பதே முக்காலுக்குப் பறந்த ராக்கெட்

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் இருந்தது. பள்ளிக்கூடம் இருந்ததால் விழாக்களும் இருந்தன. அந்த ஆண்டு மேலிடத்திலிருந்து 'மாணவர் விண்வெளித் திட்டம்' வந்து சேர்ந்தது. பிள்ளைகள் ராக்கெட் செய்து பறக்கவிட வேண்டும். ஜெயிக்கும் ஒருவரைக் கடலோர ஏவுதளத்துக்குக் கூட்டிப்போய் நிஜ ராக்கெட்டைக் காட்டுவார்களாம்.

செங்கமலம் என்ற அணிலுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. சுற்றுலா வந்தவர்கள் வீசிய பாட்டிலை எடுத்து, அட்டையில் இறக்கை ஒட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்தாள். பதினேழு முறை முகத்தில் பீய்ச்சியடித்தது. பதினெட்டாவது முறை பறந்தது. பத்து மணிக்கு மேல் காற்று திசை மாறும் என்றுகூடக் குறித்து வைத்திருந்தாள். பாவம், அவளுக்கு அறிவியல் மட்டும்தான் தெரியும்.

விழா நாளன்று தலைமையாசிரியர் உடும்பு பந்தல் தோரணத்தில் மும்முரமாக இருந்தார். சிறப்பு விருந்தினரான கல்வி வாரியத் தலைவர் எருமை பத்து மணிக்கு வந்து, பொத்தானை அழுத்தி ராக்கெட்டை விடுவார் என்றது அழைப்பிதழ். ஒன்பதே முக்காலுக்குக் காற்று அசையாமல் நின்றது. செங்கமலம் ராக்கெட்டை ஏவிவிட்டாள். அது பனைமரங்களைத் தாண்டிப் போய்க் குளத்தில் விழுந்து, இறக்கை ஊறிப் பிய்ந்தது. அவள் சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

தலைவரின் கார் வந்தது ஒன்றரை மணிக்கு. குத்துவிளக்கு, சால்வை, உரை எல்லாம் ஆயிற்று. அவர் பொத்தானை அழுத்த ராக்கெட்தான் இல்லை; செங்கமலத்தைத் தவிர யாரும் செய்திருக்கவில்லை. உடும்பு பதறவில்லை. அதே பள்ளியில் படித்த காத்தமுத்து என்ற காகத்துக்கு அட்டைக் குழாயை மாட்டி மேடையில் நிறுத்தினார். தலைவர் அழுத்தினார், காகம் பறந்தது, பந்தலே கைதட்டியது. ஏவுதளத்துக்குக் காத்தமுத்துதான் என்று மைக்கில் அறிவித்தார்கள்.

செங்கமலம் உடும்பின் முன் போய் நின்றாள்.

"சார், என் ராக்கெட் நிஜமாவே பறந்துச்சு."

"யாரு பார்த்தா?"

"நான் பார்த்தேன் சார்."

"தலைவர் பார்த்தாராம்மா?"

விருந்தினர் வருமுன் வானத்தைப் பயன்படுத்தியது ஏன் என்று விளக்கக் கடிதமும் கேட்டார். எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் பேருந்து ஜன்னலிலிருந்து காத்தமுத்து அவளைக் கூப்பிட்டான். விஞ்ஞானிகளிடம் என்ன கேட்பதென்றே தெரியவில்லை, நாலு கேள்வி எழுதிக் கொடேன் என்றான். அவள் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

நீதி: காற்றைப் பார்த்து ராக்கெட் விடுகிறவர் கேள்வி எழுதலாம், காரைப் பார்த்து விடுகிறவரே பேருந்தில் ஏறலாம்.