முப்பதடி ஆழமும் முழங்கால் தண்ணீரும்

ஏரி இரண்டரை நாளில் நிரம்பிவிட்டது.

முன்பெல்லாம் பதினைந்து நாள் விடாமல் பெய்தால்தான் தண்ணீர் கரைச்சுவரின் உச்சிக் கோட்டைத் தொடும். இந்த முறை இரண்டரை நாள். அதுவும் குடையை மறந்து வந்தவர்கூடப் பெரிதாகக் கவலைப்படாத மழை. இதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்று ஊர் முடிவு செய்தது. அந்தக் காரணம் ஏரிக்கரையில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தது.

நீர்நாடியார் என்று அவருக்குப் பெயர். அவரே வைத்துக்கொண்டது. மனிதருக்கு மணிக்கட்டில் நாடி இருப்பதுபோல் தண்ணீருக்கும் நாடி உண்டு என்பது அவருடைய கண்டுபிடிப்பு. காலையில் கரையில் குந்தி, இரண்டு விரலைத் தண்ணீரில் வைத்துக் கண்ணை மூடுவார். "தாய் நிறைகிறாள்" என்பார். மழைக்காலத்தில் ஏரி நிறையும் என்று சொல்ல இரண்டு விரல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடும்.

வரிசை வளைந்து வளைந்து பம்பு நிலையத்தின் வாசல்வரை வந்து நின்றது. மூட்டுவலி, மாமியார் சண்டை, தள்ளிப்போகும் கல்யாணம் என்று தண்ணீரோடு ஒட்டும் உறவும் இல்லாத சங்கதியெல்லாம் தண்ணீரிடம் வந்தது. வந்தவருக்கெல்லாம் ஏரியடிச் சேற்றில் ஒரு பொட்டலம். 'தாய்மடி மண்' என்று பெயர். நெற்றியில் பூசலாம், முட்டியில் தடவலாம், மாமியார் தலையணைக்கு அடியில் வைக்கலாம். சொல்லப்போனால், இருபது வருடத்தில் அந்த ஏரியிலிருந்து கொஞ்சமாவது சேற்றை வெளியே எடுத்தவர் அவர் ஒருவர்தான். இதே வேகத்தில் பொட்டலம் கட்டினால் ஏரி சுத்தமாக நாலாயிரம் வருடம் ஆகும். இருந்தாலும் முயற்சி முயற்சிதானே.

பம்பு நிலையத்தில் வேலை பார்த்த பெண்ணை ஊரில் எல்லாரும் அளவுக்காரி என்று கூப்பிட்டார்கள். தினமும் காலை ஏழு மணிக்குச் சுவரில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து நீர்மட்டத்தைக் குறித்துவைப்பது அவள் வேலை. மாதம் ஒரு தடவை நிலையத்துப் படகில் உதவியாளைத் துடுப்புப் போடச் சொல்லிப் போய், அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி ஆழம் பார்ப்பாள். அவளுடைய அறையில் கை உடைந்து கம்பியால் கட்டிய நாற்காலி ஒன்று, ஈரத்தில் ஊதிப்போன பதிவேடுகள் ஒரு அலமாரி. பக்கத்து அறையில் பம்பு. அந்தப் பம்பின் சல்லடையை முன்பு மாதத்துக்கு ஒருமுறை கழுவினார்கள். இப்போது தினமும் இரண்டு முறை கழுவியும் ஊர்க் குழாயில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது.

சுவரில் முப்பது அடி என்று இருந்தது. சுவர் பொய் சொல்லவில்லை. அதைக் கட்டிய காலத்துத் தரையிலிருந்து அது முப்பது அடிதான். அப்புறம் வருடா வருடம் ஆற்றுவெள்ளம் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, தரை மேலே ஏறிவந்த சேதி சுவருக்குத் தெரியாது. அளவுக்காரியின் கயிற்றுக்குத் தெரியும். மதகு சேற்றைக் கொஞ்சம் இழுத்துப்போகும் சுவரோரத்தில் பன்னிரண்டு அடி. நடு ஏரியில் இரண்டு.

அண்டாவில் முக்கால்வாசி மண்ணைக் கொட்டிவிட்டு நாலு செம்புத் தண்ணீர் ஊற்றினால் அண்டா நிரம்பத்தான் செய்யும். அதைப் பார்த்துச் செம்பைக் கும்பிடுவதும் ஒரு வகை அறிவு.

போன வருடம் நாலு நாள் மழைக்கே ஏரி வழிந்து பள்ளத்தெரு வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. அளவுக்காரியின் அக்கா இரண்டு நாள் பீரோ மேல் உட்கார்ந்திருந்தாள். "தாய் தன் பிள்ளைகளை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்" என்றார் நீர்நாடியார். அக்காவும் பீரோவிலிருந்து இறங்கி நேரே போய் ஒரு பொட்டலம் வாங்கிவந்தாள்.

இதையெல்லாம் அளவுக்காரி தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வீட்டுக்குள் இருந்தது. நீர்நாடியாரைத் தினமும் ஏரியில் வலம் கூட்டிப்போகும் படகுக்காரர் அவளுடைய புருஷன்.

"ஏங்க, தூர்வார எந்திரம் வரப்போகுது. அதை வேண்டாம்னு திருப்பி அனுப்பச் சொல்றாராமே உங்க சாமி?" என்று சாப்பிடும்போது கேட்டாள்.

"தாய் வயித்துல கத்தி வைக்கலாமான்னு கேக்குறார். நியாயந்தானே?"

"வயித்துல கட்டி வந்தா கத்தி வைக்காம என்ன பண்ணுவாங்க?"

"உனக்கு எல்லாத்துலயும் குதர்க்கம்" என்று தட்டை நகர்த்தினார்.

மறுநாள் அவள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஊர்த்தலைவரிடம் போனாள். தலைவர் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

"ஏம்மா, சுவர்ல முப்பதுன்னு போட்டிருக்கு. நீ கயித்துல ரெண்டுங்கிற. சுவரை நம்புறதா, கயித்தை நம்புறதா? சுவர் எவ்வளவு பெருசு!"

"ஐயா, எந்திரம் போயிடுச்சுன்னா இனிமே எப்ப வருமோ தெரியாது. கோடையில நாப்பது நாளைக்குக்கூடத் தண்ணி நிக்காது. அடுத்த மழைக்குப் பள்ளத்தெரு தாங்காது."

"ஏரி நிரம்பி நிக்குதும்மா. நிரம்பின ஏரியைத் தோண்டினா ஊர் சிரிக்கும். ஞாயித்துக்கிழமை ஏரி நிரம்பின விழாவுல எந்திரம் வேண்டாம்னு அறிவிக்கப்போறேன்."

ஞாயிற்றுக்கிழமை கரையில் எள் போட்டால் எள் விழாது. தலைவர் வெள்ளை உடுப்பில் வந்திருந்தார். நீர்நாடியார் விரல்களைத் தண்ணீரில் வைத்து எடுத்து, ஒலிபெருக்கியில், "தாயைப் பற்றி யாருக்காவது ஐயம் உண்டா?" என்றார். எல்லா விழாவிலும் கேட்பார். யாரும் வாய் திறந்ததில்லை.

"ஒண்ணே ஒண்ணு" என்று அளவுக்காரி எழுந்தாள். "நடு ஏரியில ஆழம் எவ்வளவு?"

நீர்நாடியார் பரிவோடு சிரித்தார். "சுவரோரத்திலேயே முப்பது. நடுவில் நாற்பது இருக்கும் மகளே."

"அங்க படகுல போய்க் காட்டுறீங்களா?"

"நடுவில் தாய் உறங்குகிறாள். நான் போகக் கூடாது."

"நான் போறேன். நான் எழுப்பினா என்னைத் திட்டட்டும்." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க வரலேன்னா நானே துடுப்பைப் பிடிக்கிறேன்."

அத்தனை பேர் முன்னால் படகுக்காரர் சாமியைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். பெண்டாட்டிக்குத் துடுப்புப் போடத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். போய்ப் படகில் ஏறினார்.

அளவுக்காரி முரட்டுத் துணிச்சலில் போகவில்லை. சுவர்ப் பக்கம் சேறு ஆளை விழுங்கும். ஆறு வந்து சேரும் திக்கில் மணல் இறுகித் தரைபோல் கிடக்கும். இது அவளுக்கு விரல்நுனிப் பாடம். அந்தத் திக்கில் படகை விடச் சொன்னாள். நடுவில் போனதும் படகின் அடியில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. படகு நின்றது. படகுக்காரரின் முகம் மாறியது. அவள் மூங்கில் கம்பை நாலு இடத்தில் குத்திப் பார்த்தாள். இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை அவர் கையில் கொடுத்தாள். இறங்கினாள்.

கரையில் "ஐயோ!" என்று அலறல் எழுந்தது. பிறகு அலறல் நின்றது. முப்பதடித் தண்ணீரில், ஏரியின் நட்டநடுவில், அவள் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் முழங்காலுக்கு.

"தண்ணி மேல நிக்குறா!" என்று ஒரு குரல் கிளம்பியது. "தாயே வந்துட்டா!"

அவ்வளவுதான். பாதிக் கூட்டம் கைகூப்பியது. அவளுடைய அக்காவே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சின்ன வயதில் தன்னோடு பாவாடைக்குச் சண்டை போட்டவள் தெய்வமானதில் அக்காவுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

"தண்ணி மேல இல்ல!" என்று அளவுக்காரி தொண்டை கிழியக் கத்தினாள். "மண்ணு மேல நிக்கிறேன்! ஏரி பூரா மண்ணு! தலைவர் ஐயா, நீங்களே வந்து பாருங்க!"

தலைவர் வர மறுத்திருப்பார். ஆனால் ஊர் முழுக்கக் கேட்கப் பெயர் அடிபட்டுவிட்டது. பம்பு நிலையத்துப் படகு அவரை ஏற்றிவந்தது. இறங்கினார். வெள்ளை உடுப்பு முழங்கால்வரை பழுப்பானது. நாற்பது அடி ஆழத்தில் நின்றுகொண்டு தலைவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். சுவர் இன்னும் முப்பது என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

நீர்நாடியார் சளைத்தவர் இல்லை. "பார்த்தீர்களா அருளை!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். "ஐயத்தோடு இறங்கிய மகள் மூழ்கிவிடக் கூடாதே என்று நான்தான் இந்தக் கணம் தரையை உயர்த்திக் கொடுத்தேன்!"

கூட்டம் மறுபடி கைகூப்பத் தயாரானது. கைக்கும் பழகிவிட்டது.

"சரி, நீங்கதான் உயர்த்தினீங்க" என்று கத்தினாள் அளவுக்காரி. "இப்ப இறக்குங்க. நாங்க ரெண்டு பேரும் இங்கேயே நிக்கிறோம். மூழ்கிட்டா நீங்க ஜெயிச்சீங்க."

"ரெண்டு பேரா?" என்றார் தலைவர்.

நீர்நாடியார் கண்ணை மூடினார். உதடு முணுமுணுத்தது. ஐந்து நிமிடம் ஆனது. தண்ணீர் முழங்காலில் நின்றது. பத்து நிமிடம் ஆனது. தலைவருக்கு ஒரு தும்மல் வந்தது. கரையில் ஒரு கிழவர், "சாமி, கொஞ்சமாச்சும் இறக்குங்க, ரெண்டு விரக்கடை போதும்!" என்றார். எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது. சிரிப்பு என்பது தொற்றுநோய். பயத்தைவிட வேகமாகப் பரவும்.

அப்போது படகுக்காரர் எழுந்து நின்றார். கரைக்குக் கேட்கும்படி கத்தினார்.

"சாமி, ரெண்டு வருஷமா என்னை எப்பவும் சுவரோரமாவே ஓட்டச் சொன்னீங்களே. இங்க வந்தா தரை தட்டும்னு உங்களுக்குத் தெரியும்."

நீர்நாடியார் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். பந்தலுக்குப் பின்னால் போனார். நாடி பார்க்கப் போகிறார் என்று நினைத்தார்கள். வேலியைத் தாண்டி ஓடும் சத்தம் கேட்ட பிறகுதான் நாலு பேர் துரத்தினார்கள். தெரு முக்குத் திரும்புமுன் பிடித்தார்கள்.

படகுகள் கரை திரும்பின. பந்தலுக்குள் நீர்நாடியாரின் பெட்டியைத் திறந்தால் ஒரு வரைபடம் இருந்தது. ஏரியின் எந்த இடத்தில் எத்தனை அடி மண் என்று அடிக்கு அடி குறித்த வரைபடம். அளவுக்காரியின் கையெழுத்து. எத்தனை நாள் மழைக்கு ஏரி எவ்வளவு நிரம்பும் என்று ஓரத்தில் வேறொரு கையெழுத்தில் கணக்கு. தெய்வ வாக்குக்கு வகுத்தல் தேவைப்பட்டிருக்கிறது.

"அலுவலகத்துல காணாமப் போச்சுன்னு மாசக்கணக்கா தேடினேன்" என்றாள் அவள்.

"ஆசீர்வாதம் பண்ணித் தர்றேன்னு கேட்டார்" என்றார் படகுக்காரர், தரையைப் பார்த்தபடி. "நான்தான் எடுத்துக் கொடுத்தேன். உன் வேலைக்கு நல்லதாச்சேன்னு."

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. இருந்தாலும் கயிற்றின் மறுமுனையை அவர் கடைசிவரை விடவில்லை. உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. "வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். பேசினாள். மூன்று நாள் பேசினாள்.

தலைவர் மறுநாளே எந்திரத்தை வரவழைக்கக் கையெழுத்துப் போட்டார். தூர்வாரும் யோசனை ஆரம்பத்திலிருந்தே தன்னுடையது என்று அறிக்கையும் விட்டார். எந்திரம் வந்து மூன்று மாதம் இரவு பகலாக மண்ணை வாரிக் கொட்டியது. அடுத்த மழையில் ஏரி நிரம்பப் பன்னிரண்டு நாள் ஆனது. பள்ளத்தெருவில் கால் நனையவில்லை. அக்கா பீரோவில் துணி வைத்தாள்.

ஆனால் பம்பு நிலையத்து வாசலில் ஒருநாள் காலை ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். அளவுக்காரி ஜன்னலைத் திறந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். முன்னால் நின்ற அம்மாள் பயபக்தியோடு, "அடுத்த வருஷம் மழை எப்படியிருக்கும்னு நீ பார்த்துச் சொல்லணும் தாயே" என்றாள்.

"எனக்குத் தெரியாதும்மா."

அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. "அவர் ஒருநாளும் தெரியாதுன்னு சொன்னதில்ல" என்று பின்னால் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டே கிளம்பினாள். ஐந்து நிமிடத்தில் வாசல் காலியானது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர் வாசலில் வரிசை நிற்பதில்லை. தெரியும் என்று சொல்பவருக்குப் பந்தல் போட நாம் கம்பும் கயிறுமாக ஓடுகிறோம். ஓடுங்கள், தப்பில்லை. கம்பை நடுவதற்கு முன்னால் ஒரு தடவை ஆழம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அனேகமாக முழங்காலைத் தாண்டாது.