நடுவில் இருப்பவர் நகர்வதே இல்லை

நடுநிலையாளர் என்றொரு இனம் உண்டு. அதைப் பார்க்க பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு வேடந்தாங்கலுக்குப் போக வேண்டாம். எங்கே இரண்டு பேர் சண்டை போடுகிறார்களோ அங்கே மூன்றாவது ஆளாகத் தானே முளைத்து, தொண்டையைச் செருமி, "ரெண்டு பேர் சொல்றதுலயும் நாயம் கீது" என்பாரே, அவர்தான். சண்டை எதைப் பற்றி என்று பிறகு விசாரித்துக்கொள்வார்.

எங்கள் திருநாவுக்கரசு இந்த இனத்தின் அசல் வித்து. கல்பாக்கம் அலுவலகப் பேருந்தில் ஒரு பக்கம் ஆபிரகாம், மறுபக்கம் சுப்புராமன், நடுவே இவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆபிரகாம், சோப்பிலிருந்து சோடா வரை சர்க்காரே செய்ய வேண்டும் என்பார். சோப்பையாவது முதலாளிகளிடம் விடுங்கள் என்பார் சுப்புராமன். "குளிக்கிற சோப்பு தனியாரு, துணி சோப்பு சர்க்காரு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இவர் தூங்கிப்போவார். பத்து வருடத்தில் சுப்புராமன் டெலிபோன், பஸ், மின்சாரம் என்று ஒவ்வொன்றாக வாயாலேயே விற்றுத் தீர்த்து ரேஷன் கடை வாசலுக்கு வந்துவிட்டார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஆபிரகாமோ, "ரேஷன் கடையயாவது உட்டு வெய்ங்கப்பா" என்று கெஞ்சும் நிலைமைக்கு வந்திருந்தார். நடுவர் என்ன சொன்னார்? "அரிசி சர்க்காரு, சக்கர தனியாரு!"

"யோவ், நாடே வலது பக்கமா நவுந்துகினு கீது. உனக்குத் தெரீலயா?" என்று ஆபிரகாம் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"எங்க நவுந்துச்சு? நான் அன்னிக்கும் நடுவுல, இன்னிக்கும் நடுவுல."

சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை என்பதால், பேருந்து செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் போய்ச் சேர்ந்ததை ஒப்புக்கொள்ளாத மனிதரிடம் என்ன பேசுவது? ஆபிரகாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதுவரை நஷ்டம் நாட்டுக்குத்தான். பிறகு மூவரும் கடன் வாங்கிக் கேளம்பாக்கத்தில் ஒரே அடுக்குமாடியில் வீடு வாங்கினார்கள். குடியிருப்போர் சங்கம் வந்தது. தலைவர் யார்? கேட்கவும் வேண்டுமா! முதல் வருடக் கூட்டத்தில் சுப்புராமன், மாடிப்படியில் மீன் வாசனை வருகிறது என்றார். சாப்பாடு அவரவர் இஷ்டம் என்றார் ஆபிரகாம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கலாம் என்று தீர்ப்பானது. அடுத்த வருடம் சுப்புராமன் அசைவமே கூடாது என்றார், ஆபிரகாம் மீனாவது இருக்கட்டும் என்றார், முள் இல்லாத மீன் மட்டும் என்று முடிந்தது. மூன்றாம் வருடம் முட்டையும் ஆகாது என்று ஒருவர், முட்டையை மட்டுமாவது விடுங்கள் என்று மற்றவர். நம்மவர் கண்ணை மூடி யோசித்தார்.

"வெள்ளக்கரு உண்டு. மஞ்சக்கரு கெடையாது."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

அவர் மனைவி தெய்வநாயகி சதுரங்கப்பட்டினத்துப் பெண். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள்.

"யோவ், கோவளம் போயி நெத்திலி வாங்கியாந்தேன். வாட்ச்மேன் கேட்டுலயே புடுங்கிக்கினான். கேட்டா உன் உத்தரவாம்! இன்னாயா இது?"

"நான் யார் பக்கமும் சாய முடியாதுமே."

"சாயாத. அடுத்த கூட்டத்துக்குள்ள என் வூட்டுல மீன் கொயம்பு கொதிக்கல, நான் எங்க அம்மா வூட்டுக்குப் பூடுவேன். நீ நடுவுலயே கெட."

திருநாவுக்கரசு ஆடிப்போய்விட்டார். அவருக்கு மட்டும் நாக்கு இல்லையா என்ன? ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டு கோவளம் இருக்கும் திசையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர் அவர். ஆனாலும் கொள்கை!

அடுத்த கூட்டமும் வந்தது. "இனி வெங்காயமும் பூண்டும் வேணாம்" என்று தொடங்கினார் சுப்புராமன். "வெங்காயமாவது…" என்று ஆபிரகாம் ஈனசுரத்தில் இழுத்தார். அரை வெங்காயம் என்று சொல்லத் தலைவர் வாயைத் திறந்தபோது தெய்வநாயகி எழுந்தாள்.

"மொட்ட மாடி பூரா கருவாடு காயப்போடணும். கார் நிறுத்துற எடத்துல மீன் கடை வெக்கணும். லிப்ட்ல ஆட்டுக்கால் சூப்பு விக்கணும். ஞாயித்துக்கெயமை நண்டு ஆக்காத வூட்டுக்கு அபராதம் போடணும்!"

கூட்டம் பேயறைந்தது போல் உட்கார்ந்திருந்தது. திருநாவுக்கரசின் முகத்தில் மட்டும் ஒளி பரவியது. இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார், நடுவைக் கண்டுபிடித்தார்.

"மாடி வேணாம், லிப்ட்டும் வேணாம். அவங்கவங்க வூட்டுல அவங்கவங்க இஷ்டத்துக்கு ஆக்கிக்கட்டும்."

லிப்ட் பிழைத்த நிம்மதியில் முதலில் கைதட்டியவர் சுப்புராமன். இதைத்தானே முதல் வருடமே கேட்டேன் என்று ஆபிரகாமுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருடம் நியாயமாகப் பேசி அவர் தோற்றதை, அநியாயமாக ஒரு நிமிடம் பேசித் தெய்வநாயகி வாங்கிவிட்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று. படித்துக்கொண்டே வரும்போது, 'சுப்புராமனுக்கும் மூக்கு இருக்கிறதே, பாவம். அந்த அம்மாவும் லிப்ட் வரைக்கும் போயிருக்க வேண்டாம்' என்று உள்ளே ஒரு குரல் கேட்டதா? கேட்டிருந்தால், உடனே சமையலறைக்குப் போய், உங்களுக்கு இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.