அக்காவின் மயில்களை நான் அழித்த விதம்

பொதுநலத்தில் நாட்டமுள்ள இளைஞனிடம் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கக் கூடாது. அவன் முதலில் அதன் உரிமையாளருக்கு நீதி போதிப்பான். (அனுபவத்தில் சொல்கிறேன், அந்த இளைஞன் நானே.)

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகளுக்குள் நடந்தது இது. காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக் கரைகளுக்கு டிசைன் வரையும் லோகநாதன் அண்ணனிடம், திருட்டு மென்பொருள் சமுதாயத்தை எப்படி அரிக்கிறது என்று ஒரு மாலை முழுவதும் விளக்கி, அவருடைய கணினியில் இலவச இயங்குதளமான லினக்ஸை நிறுவினேன். அவர் தலையாட்டியதைக் கொள்கையின் வெற்றியாகக் கருதினேன். (பசி மயக்கம் என்பது பின்னர் தெரிந்தது.)

என் அக்காவின் முகூர்த்தப் புடவைக்கும் அவரே டிசைன் வரைந்தார். மயில் கரைக்குச் சம்மதித்த அக்கா, வருங்கால மாமியாருக்காக அன்னத்துக்கு மாறி, மாமியாரே மனம் மாறியதும் மயிலுக்குத் திரும்பினாள். மறுநாள் டிசைனைத் துளைகளாக்கித் தறிக்கு அட்டை அடித்தாக வேண்டும். அன்று பார்த்துக் கணினி யாரையும் உள்ளே விடவில்லை. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால், திரை ஒரு கணம் கறுத்து மீண்டும் பெயரையே கேட்டது.

"இன்னா தம்பி, உன் லினக்ஸு வாசல்லயே நிக்க வெச்சிப் பேர் கேட்டுக்கினே இருக்குது?" என்றார் அண்ணன்.

திரையின் அமைப்புக் கோப்பைத் திருத்தினேன், எழுத்துகள் எறும்பளவாயின. மறுபடியும் திருத்தினேன், திரையே இருண்டது.

"டேய், தெரியலன்னா சொல்லிடுடா. கல்யாணம் எனக்கு," என்றாள் உடன் வந்திருந்த அக்கா.

கடைசியில் படமில்லாத எழுத்துத் திரைக்குச் சென்று பார்த்தபோது காரணம் புலப்பட்டது. வட்டு முழுவதும் நிரம்பியிருந்தது. உள்ளே வருபவருக்காக ஒரு சிறு கோப்பை எழுதவும் இடமில்லாததால், கணினி அழைத்த கையோடு வெளியே தள்ளியது. இடத்தை அடைத்திருந்தது குப்பைத் தொட்டி. உரியவரே ஒதுக்கியதை அழிப்பதால் யாருக்கும் தீங்கில்லை என்று விளைவுகளை எடைபோட்ட பிறகே, ஒரே கட்டளையில் அதைக் காலி செய்தேன். உடனே திரை மலர்ந்தது. தேர்தலில் வென்றவனைப் போல் திரும்பினேன்.

அண்ணன் நேராகக் குப்பைத் தொட்டியைத் திறந்தார்.

"மயில் எங்கப்பா?"

"குப்பையில எதுக்குண்ணே மயில் இருக்கணும்?"

"அன்னத்துக்கு மாறினப்போ அதுலதான் போட்டு வெச்சேன். ஜரிகைத் துணுக்க யாரானா தெருவுல கொட்டுவாங்களா? டப்பாவுல போட்டு வெப்போம், வேணும்னா எடுத்துப்போம். இதுவும் அப்டித்தானப்பா?"

அக்கா காலித் தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். (திட்டியிருக்கலாம்.)

அண்ணன் நினைவிலிருந்தே மயில்களை மீண்டும் வரைந்தார். அவசரத்தில் கழுத்து குறுகியது, தோகை வாலாயிற்று. முகூர்த்தத்தன்று கரையைத் தடவிப் பார்த்த மாமியார், "கோழி ரொம்ப லட்சணமா வந்துக்குதும்மா" என்று மனமாரப் பாராட்டினார்.

இன்றும் அந்தப் புடவை பெட்டியைவிட்டு வெளியே வரும்போதெல்லாம், "மச்சான், கோழி சௌக்கியமா?" என்று அத்தான் என்னிடம் விசாரிக்கிறார். அக்கா மட்டும் சிரிக்காமல் திருத்துவாள்:

"கோழி இல்லங்க. என் தம்பி கை வெச்ச மயிலு."