பெம்பா மணைக்குக் கரி பூசிய கதை

இனிமேல் பித்தளை துலக்குவதில்லை என்று பெம்பா தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவர் அவர். வழிமொழிந்தவரும் அவர். எதிர்த்து வாக்களித்தது ஒருவர்தான்: மனைவி போகுவா. இருவர் உள்ள வீட்டில் அதுவே பாதி.

ரயில்வே தொழிலாளர் சங்கத்தில் தொண்டை கிழியக் கத்தியவர் பெம்பா. குமாசி ரயில் நிலைய வாசலில் அவர் பேசாத கூட்டம் இல்லை. வாங்காத அடியும் இல்லை. கூட நின்று கத்தியவர்கள் பின்னாளில் மந்திரியானார்கள். அவர்கள் பெயரில் தெருக்கள் வந்தன. பெம்பாவின் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் காவல் நிலையம். கண் மூடுவதற்குள் ஒரு நல்ல பலகையில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

பலகை வரத்தான் வந்தது, ஆனால் மனைவிக்கு. ஊர்க் கலைக்கூடத்தில் கண்காட்சி. போகுவாவின் தாய்வழிச் சொத்து அத்தனையும் அங்கே போகிறது. மூடி போட்ட பித்தளைக் கலங்கள், செதுக்கிய மணைகள், தங்கத்தூள் நிறுத்த பித்தளை எடைக்கற்கள். அந்தக் கற்களில் ஒரே வயிற்றோடு ஒட்டிப் பிறந்து ஓயாமல் சண்டை போடும் இரட்டை முதலை உருவம் ஒன்று உண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெம்பாவுக்குத் தன் கல்யாணம் நினைவுக்கு வரும்.

"ஏங்க, சனிக்கிழமை கண்காட்சி. மணலும் எலுமிச்சையும் முற்றத்துல வச்சிருக்கேன். தேய்ச்சுக் குடுத்துடுங்க."

"பலகையில யாரு பேரு?"

"எங்க அம்மா வீட்டுப் பேரு."

"தேய்க்கிறது யாரு?"

"நீங்க."

"இதுக்குப் பேருதான் சுரண்டல். உழைக்கிறவன் பேரு பலகையில வரணும். வராட்டி ஒரு கிண்ணத்தைத் தொட மாட்டேன்."

"சரி தலைவரே" என்று சொல்லிவிட்டுப் போகுவா உள்ளே போனாள்.

வாதாடாமல் சரி சொல்லும் நிர்வாகத்தை நம்பக் கூடாது. சங்கத்தில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் அது. பெம்பா மறந்துவிட்டார்.

அந்த வீட்டில் அவர் கையால் வந்த பொருள் ஒன்றே ஒன்று: கல்யாணத்தில் போகுவாவுக்கு அவர் கொடுத்த மணை. வாராவாரம் அவள் தேய்த்துத் தேய்த்து அது தேங்காய்ப் பத்தை மாதிரி வெளுத்திருந்தது. அவள் சந்தைக்குப் போனதும் அதைத் தூக்கிக்கொண்டு பெம்பா கலைக்கூடத்துக்கு ஓடினார். கடல் தாண்டிப் படித்துவிட்டு வந்த அலுவலர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நேத்து வாங்கினது மாதிரி வெள்ளையா இருக்கே பெரியவரே. கறுத்துப் போன பழசா இருந்தாக் கொண்டாங்க. உங்க பேர்லயே தனியா வச்சிடலாம்."

உங்க பேர்லயே! பெம்பா வீட்டுக்கு நடந்து வரவில்லை, ஊர்வலமாக வந்தார்.

மணைக்குக் கரி பூசுவது அதன் சொந்தக்காரர் செத்த பிறகுதான். குமாசியில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். பெம்பாவுக்கும் தெரியும். ஆனால் அவர் துண்டறிக்கை படித்து வளர்ந்தவர். யார் செத்தார், யார் சாகவில்லை என்று கரிக்கு எப்படித் தெரியும்? எல்லாம் மூடநம்பிக்கை. அடுப்படிக் கூரையில் புகைக்கரி சுரண்டினார். கூடையிலிருந்த முட்டைகளை உடைத்துக் குழைத்தார். வாழ்நாளெல்லாம் கறுப்புக் கொடி பிடித்த கை, பூச்சு கச்சிதமாக விழுந்தது.

போகுவா சந்தையிலிருந்து வந்தாள். மணையைப் பார்த்தாள். கூடையை இறக்கினாள்.

"யாரு செத்தது?"

"யாரும் சாகலையே."

"இது யாரு மணை?"

"உன் மணை."

"அப்ப நான்தான்" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்து நீட்டிப் படுத்தாள்.

"ஏய், என்ன விளையாட்டு இது? ஃபூஃபூவுக்குக் கிழங்கு இடிக்கலையா? பசிக்குது."

"செத்தவ எங்கயாவது உலக்கை பிடிப்பாளா?"

"இது வேலை நிறுத்தமா?"

"வேலை நிறுத்தம் உசிரோட இருக்கிறவங்க பண்றது, தலைவரே. இது அதுக்கும் மேல."

சாயங்காலத்துக்குள் அவள் அண்ணன் ஒதுரோ வந்துவிட்டான். துக்கத்துக்குக் கட்டும் கருஞ்சிவப்புத் துணியோடு வந்தான். பாயில் கிடந்த தங்கை, "வாண்ணே, சாப்பிட்டியா?" என்றாள்.

"நீ பேசாதம்மா, போனவ நீ" என்று அவளை அடக்கிவிட்டு ஒதுரோ பெம்பாவின் தோளைத் தட்டினான். "மனசைத் தேத்திக்குங்க மாப்ளே. வீடு எங்க தாய்வழி வீடு. துக்கம் கழியட்டும், மெதுவா காலி பண்ணுங்க. அதுவரைக்கும் வாசல் தாண்டக் கூடாது. கண்காட்சி, கூட்டம் எதுக்கும் போகக் கூடாது. பொண்டாட்டி போனவனுக்கு அதுதான் முறை."

"மச்சான், அவ கண்ணைச் சிமிட்டுறா பாருங்க."

"துக்கத்துல அப்படித்தான் தெரியும்."

மணைக்குப் பூசிய கரி யார் முகத்தில் ஒட்டியது என்று பெம்பாவுக்கு அப்போது விளங்கியது. மணையைக் கறுப்பாக்கப் போய் மனை போகிறது. மனைவி போகிறாள். இரவுச் சாப்பாடு ஏற்கெனவே போய்விட்டது.

"இவளை எழுப்ப என்ன வழி மச்சான்?"

"மணை வெளுத்தா உசிரு வரும்."

முற்றத்தில் மணலும் எலுமிச்சையும் தயாராக இருந்தன. பெம்பா உட்கார்ந்தார். தேய்த்தார். முட்டையில் குழைத்த கரி முதலாளித்துவம் மாதிரி, சுரண்டச் சுரண்ட உள்ளே இறங்கியது. மறுநாளும் தேய்த்தார். போகுவா பாயில் ஒருக்களித்துப் படுத்தபடி பித்தளைக் கலம் ஒன்றை உருட்டிவிட்டாள்.

"கைதான் ஓடுதே, இதையும் ஒரு இழு இழுத்துடுங்க."

"செத்தவ பேசக் கூடாது."

"பொழைச்சுக்கிட்டு இருக்கேன்ல. கால் விரல் வரைக்கும் வந்துடுச்சு. இன்னும் நாலு பாத்திரம் துலக்கினா முழங்கால் வரும்."

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது மணை வெளுத்தது. அதோடு கலங்களும், எடைக்கற்களும், இரட்டை முதலையும் பளபளத்தன. போகுவா எழுந்து சோம்பல் முறித்தாள். உலக்கையை எடுத்தாள். ஃபூஃபூவைத் தட்டில் வைக்கும்போது தணிந்த குரலில் சொன்னாள்:

"அலுவலர்கிட்டச் சொல்லிட்டேன். நீங்க கேட்ட மாதிரியே பலகையில உங்க பேரையும் போடுறாங்க."

பெம்பாவுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருடப் போராட்டத்தில் முழுதாக வென்ற முதல் கோரிக்கை. இருந்த ஒரே நல்ல துணியைப் போர்த்திக்கொண்டு சனிக்கிழமை முதல் ஆளாக வாசலில் போய் நின்றார். பெரிய எழுத்தில் போகுவாவின் தாய்வீட்டுப் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, குனிந்தால் தெரிகிற எழுத்தில், அவர் பெயரும் இருந்தது:

"பாத்திரம் தேய்த்தவர்: பெம்பா."